அத்தையின் சேலை வாசனை

எங்கள் வீட்டில் முதலில் சந்தேகப்பட்டது அம்மாவின் மூக்குதான்.

அப்பாவின் தங்கை, அதாவது என் அத்தை, அப்போது நாகலூரில் எங்களோடு இருந்தாள். இன்னும் கல்யாணம் ஆகவில்லை. காலை பஸ்ஸில் ஏற்காட்டுக்குப் போவாள். வெளியூர்க்காரர்கள் வந்து தங்கும் ஒரு பங்களாவில் சமையல்கட்டு வேலை. சாயங்கால பஸ்ஸில் திரும்பி வரும்போது அவள் மேல் பொரித்த வெங்காய வாசனை வீசும். அதை வைத்தே அன்றைக்குப் பங்களாவில் பிரியாணியா, சப்பாத்தி குருமாவா என்று நான் சொல்லிவிடுவேன். நான் ஐந்தாம் வகுப்பில் இருந்த வருடம், மழை விட்டு ஆரஞ்சு பழுக்கத் தொடங்கிய சமயத்தில், அந்த வெங்காய வாசனை நின்றுபோனது. அதற்குப் பதிலாக வேறொன்று வந்தது. தித்திப்பாக, மெல்லியதாக, எங்கள் வீட்டில் யாருக்கும் பேர் தெரியாத ஒரு வாசனை.

துவைக்கப் போட்டிருந்த அத்தையின் சேலையை எடுத்து அம்மா ஆழமாக மோந்து பார்த்தாள். பிறகு என்னைக் கூப்பிட்டு என் மூக்கருகே நீட்டினாள்.

"இது என்ன வாசம் கண்ணு?"

"தெரியலீங்கம்மா. நல்லாருக்குது."

"நல்லாத்தான் இருக்கும். நல்லாருக்கோணும்னுதானே வாங்கிக் குடுத்திருப்பாங்க."

யார் வாங்கிக் கொடுத்திருப்பார்கள் என்று நான் கேட்கவில்லை. அம்மா சேலையை வாளிக்குள் போட்ட வேகத்திலேயே அது கேட்கக்கூடாத கேள்வி என்று தெரிந்தது.

அப்பா எஸ்டேட்டில் ரைட்டர். வேலைக்கு வந்தவர்கள் யார், வராதவர்கள் யார், வந்ததாகப் பேர் கொடுத்துவிட்டு சில்வர் ஓக் நிழலில் படுத்துக்கிடப்பவர்கள் யார் என்று பார்த்துச் சொல்வது அவர் பிழைப்பு. சந்தேகப்படுவதற்காகவே சம்பளம் வாங்கியவர் என்றுகூடச் சொல்லலாம். ஆனால் வீட்டு விஷயத்தில் அவருக்கு அம்மாவின் வேகம் கிடையாது. "சோப்பு மாத்தியிருப்பா, உடு" என்று சொல்லிவிட்டார். சில நாள் கழித்து அவரே முகம் இறுகிப்போய் வீட்டுக்கு வந்தார். எஸ்டேட் ஜீப்பில் ஏற்காட்டுக்குப் போனவர், அத்தை வேலை பார்க்கும் பங்களா வழியாகத் திரும்பியிருக்கிறார். கேட்டில் பூட்டு தொங்கியது. பங்களாவை விற்றுவிட்டார்கள், ஆளே இல்லை என்று பக்கத்துத் தோட்டத்துக்காரர் சொன்னாராம்.

அன்று சாயங்காலம் அத்தைக்கு டீ ஊற்றிக்கொண்டே அம்மா கேட்டாள்.

"என்ன அம்மணி, இன்னைக்கு வேலை சாஸ்தியா?"

"நொம்பங்க அண்ணி. ஒரு வேன் நெறைய ஆளு வந்துட்டாங்க. உக்காரவே நேரமில்லீங்க."

பெரியவர்கள் இவ்வளவு சுலபமாகப் பொய் சொல்வார்கள் என்று எனக்கு அதுவரை தெரியாது. அதைவிட, பொய் என்று தெரிந்துகொண்டே "அப்படியா" என்று சொல்லி அம்மா சர்க்கரை டப்பாவை நீட்டியதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

நேரடியாகக் கேட்டுவிடலாமே என்று இப்போது தோன்றுகிறது. அப்பா அதற்கு ஒப்பவில்லை. "கேட்டா இன்னொரு பொய்யச் சொல்லுவா. எஸ்டேட்டுல நான் பாக்காததா? கையும் களவுமா பாக்கோணும். அப்பறம்தான் பேசோணும்" என்றார். வேறொரு காரணமும் இருந்தது. வெள்ளக்கடை என்ற ஊரிலிருந்து வந்து அத்தையைப் பெண் பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். கிறிஸ்துமஸ் கழித்துப் பதில் சொல்வதாகப் பேச்சு. இந்த நேரத்தில் ஊருக்குள் ஒரு வார்த்தை கிளம்பினால் அந்த இடம் கைவிட்டுப் போய்விடும். அதனால் எல்லோரும் சிரித்துக்கொண்டே அவளைக் கவனித்தோம்.

அத்தை முன்பு அப்படி ஒளித்துப் பேசுகிறவள் இல்லை. அதற்கு இரண்டு வருடம் முன்னால் எங்கள் வீட்டுப் பின்புறக் கொட்டகையில் காளான் வளர்த்தாள். சாக்குத் துணி கட்டி, பைகளைத் தொங்கவிட்டு, தெருவில் போகிறவர்களையெல்லாம் கூப்பிட்டுக் காட்டினாள். சேலத்துக்கு அனுப்பப் போகிறேன், அப்புறம் பெங்களூருக்கு என்றாள். பைகள் முழுக்கப் பச்சைப் பூசணம் பிடித்தது. நாற்றம் தாங்காமல் அப்பா மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு எல்லாவற்றையும் குழிவெட்டிப் புதைத்தார். அதற்குப் பிறகு வீட்டுக்கு யார் வந்தாலும் அந்தக் கதைதான். அப்பா சொல்வார், அம்மா கண்ணில் தண்ணீர் வரச் சிரிப்பாள். மூக்கைப் பிடித்துக்கொண்டு பை தூக்கிப் போகிற பாத்திரம் என்னுடையது. நன்றாக நடிப்பேன். அத்தையும் எங்களோடு சேர்ந்து சிரிப்பாள். அவளுக்கும் அது வேடிக்கைதான் என்றே நாங்கள் நினைத்திருந்தோம்.

ஒரு சனிக்கிழமை காலை, "இவளையும் கூட்டிட்டுப் போ அம்மணி. ஏரியப் பாக்கோணும்னு அழுவுறா" என்று அம்மா என்னை அத்தையோடு அனுப்பி வைத்தாள். நான் அழவே இல்லை. என்ன பார்க்க வேண்டும், யாரைப் பார்க்க வேண்டும் என்பதெல்லாம் முதல் நாளே எனக்குச் சொல்லிக் கொடுக்கப்பட்டிருந்தது. அத்தை ஒரு கணம் தயங்கினாள். பிறகு, "வா சாமி" என்று கையைப் பிடித்துக்கொண்டாள். பஸ்ஸில் வழி நெடுக அவள் என்னோடு பேசவில்லை. நானும் பேசவில்லை. வேவு பார்ப்பவர்கள் அதிகம் பேசக்கூடாது என்று நானாகவே முடிவு செய்திருந்தேன்.

பங்களா பக்கம் அவள் போகவே இல்லை. ஏரிக்குப் போகும் வழியில், வேன்கள் நிறுத்தும் இடத்தில், தகரக் கூரை போட்ட ஒரு டீக்கடைக்குக் கூட்டிப்போனாள். கடைக்கார அக்கா பெரிய உடம்புக்காரர், குரலும் பெரியது. அத்தை என்னைப் பெஞ்சில் உட்கார வைத்து, கையில் மிளகாய் பஜ்ஜி கொடுத்து, "எந்திரிக்கக் கூடாது கண்ணு. உள்ள சின்ன வேலை இருக்குது" என்று சொல்லிவிட்டுக் கடைக்குப் பின்னால் இருந்த அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். கதவு திறந்து மூடிய அந்த நொடியில் அதே வாசனை குப்பென்று வந்தது. ஆக, அந்த சென்ட்டை வாங்கிக் கொடுக்கிற ஆள் இங்கேதான் எங்கேயோ இருக்கிறான் என்று எனக்கு உறுதியானது.

கடையின் கண்ணாடிப் பெட்டியில் பழுப்பு நிறக் கேக் துண்டுகள் அடுக்கியிருந்தன. கேட்டவர்களிடமெல்லாம் அக்கா, "சேலத்துல பெரிய பேக்கரியில இருந்து வருதுங்க. ஆரஞ்சு கேக்கு" என்று சத்தமாகச் சொன்னார். அத்தை வெளியே வந்தபோது எனக்கும் ஒன்று வேண்டும் என்றேன்.

"அது வேண்டாம் சாமி. அது அவ்வளவு நல்லாருக்காது."

அக்கா அவளை ஒரு மாதிரி பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்து, என்னைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். இதையும் நான் மனதில் குறித்துக்கொண்டேன்.

அப்போதுதான் அந்த ஆள் வந்தார். காக்கிச் சட்டை, அடர்ந்த மீசை, டூரிஸ்ட் வேன் டிரைவர். டீயும் ஒரு துண்டு கேக்கும் வாங்கிக்கொண்டு தன் வேனில் சாய்ந்து நின்றார். அத்தை மெல்ல நழுவி, பக்கத்தில் நின்ற இன்னொரு வேனின் மறைவுக்குப் போனாள். அங்கிருந்து எட்டி அவரையே பார்த்தாள். நான் அத்தையைப் பார்த்தேன்.

அவர் கடித்தார். அத்தையின் வாய் லேசாகத் திறந்தது. அவர் மென்றார். அத்தை சேலைத் தலைப்பை விரலில் சுற்றி முறுக்கினாள். யாரும் யாரையும் அப்படிப் பார்த்து நான் கண்டதில்லை. கண் இமைக்கவில்லை. ரோட்டில் போன ஒரு பைக் அவள் பக்கத்தில் வந்து ஹாரன் அடித்தும் திரும்பவில்லை. டிரைவரோ ஏரியைப் பார்த்துக்கொண்டே டீயைக் குடித்து முடித்தார். பாதிக் கேக்கைக் காகிதத்தோடு சுவர்மேல் வைத்துவிட்டு, ஆட்களை ஏற்றிக்கொண்டு போய்விட்டார்.

அத்தையின் முகம் அறை வாங்கியது போல் ஆனது. சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு அந்தச் சுவரிடம் போனாள். அவர் கடித்துவிட்டு வைத்த மிச்சத்தை எடுத்தாள். மூக்கருகே கொண்டுபோய் மோந்தாள். பிறகு ஒரு துளியைக் கிள்ளி நாக்கில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு நின்றாள்.

அன்று சாயங்காலம் நான் பார்த்ததைப் பார்த்தபடியே சொன்னேன். ஒரு சொல் கூட்டவில்லை, குறைக்கவில்லை.

"மோந்தாளா, தின்னாளா?" என்று அம்மா திரும்பத் திரும்பக் கேட்டாள்.

"மோந்துட்டுத் தின்னாங்க."

"அந்தாளு எச்சத்தையா?"

"ஆமாங்கம்மா. கண்ண மூடிக்கிட்டு."

அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அப்பா சட்டையைக் கழற்றி, மறுபடியும் மாட்டி, வெளியே போய்விட்டு உடனே உள்ளே வந்தார்.

அந்த ஒரு வாரம் எங்கள் வீட்டில் யாரும் யாரையும் நம்பவில்லை. அத்தையின் சூட்கேஸை அம்மா எடுத்துத் தன் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டாள். அப்பா அவளை "அம்மணி" என்று கூப்பிடுவதை நிறுத்தி, "இங்க பாரு" என்றார். அத்தைக்கு ஏதோ புரிந்திருக்க வேண்டும். அவளும் எங்களைச் சந்தேகமாகப் பார்க்கத் தொடங்கினாள். நான் அருகில் போனால் பையை மூடிக்கொண்டாள். பங்களா மூடிய விஷயம் எங்களுக்குத் தெரிந்துவிட்டது என்று மட்டும் அவள் நினைத்திருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ஜெபம் சொன்னோம். அம்மா ஒரு கண்ணைத் திறந்து அத்தையைப் பார்த்தாள். அதே நேரம் அத்தை ஒரு கண்ணைத் திறந்து அம்மாவைப் பார்த்தாள். இருவரையும் நான் இரண்டு கண்ணாலும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த சனிக்கிழமை, அத்தை போன பஸ்ஸுக்கு அடுத்த பஸ்ஸில் நாங்கள் மூவரும் போனோம். அப்பா கோயிலுக்குப் போடும் வெள்ளைச் சட்டையைப் போட்டிருந்தார். ஆளை அடையாளம் காட்ட வேண்டியது என் பொறுப்பு. அந்த டிரைவர் அதே இடத்தில், அதே போலக் கையில் கேக்கோடு வேனில் சாய்ந்து நின்றார். நான் விரல் நீட்டினேன்.

அப்பா நேராக அவரிடம் போனார். சண்டை போடத்தான் போகிறார் என்று நினைத்தேன். ஆனால் எங்கள் பக்கத்தில் சண்டைக்கும் மரியாதை உண்டு.

"ஏனுங்க, உங்களுக்குக் கல்யாணம் ஆயிருச்சுங்களா?"

டிரைவர் வாயில் இருந்ததை விழுங்கிவிட்டு, "ஆயிருச்சுங்க. ரெண்டு பசங்க. ஏனுங்க?" என்றார்.

அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "பாத்தீங்களா? பொண்டாட்டி புள்ளையோட இருக்கிற ஆளு!"

சத்தம் கேட்டு அத்தை பின்பக்க அறையிலிருந்து வெளியே வந்தாள். இரண்டு கையிலும் ஒரு தட்டு, தட்டு நிறையக் கேக். எங்களைப் பார்த்ததும் தட்டை எங்கே ஒளிப்பது என்று தெரியாதவள் போலச் சுற்றிலும் பார்த்தாள். ஒளிக்க இடமில்லை.

"அட, அம்மணி ஊட்டு ஆளுங்களா!" என்றார் கடைக்கார அக்கா. "வாங்க, வாங்க. கேக்கு போடறதப் பாக்க வந்தீங்களாக்கும்?"

"என்ன கேக்கு?" என்றார் அப்பா.

"நானில்லீங்க," என்றாள் அத்தை அவசரமாக. "அது சேலத்துல இருந்து வருது. நான் எடுத்து அடுக்கறதோட சரி."

அவள் தலைமுடியில் மாவு ஒட்டியிருந்தது. கையில் சூடுபட்ட தழும்பு இருந்தது. அவள் பின்னால் திறந்திருந்த கதவு வழியாக, பங்களாவில் இருந்து வாங்கி வந்த பழைய கேக் அடுப்பு தெரிந்தது. சேலையில் வந்த அந்த வாசனை, பின்னால் நான் பேர் தெரிந்துகொண்ட வெனிலா, ரோடு வரைக்கும் வீசியது. அப்படியும் அவள் நானில்லை என்றாள்.

அப்பா டிரைவரைக் காட்டினார். "அப்படின்னா இதுக்குப் பதில் சொல்லு. போன வாரம் இவரு தின்னு போட்ட எச்சத்த எடுத்து எதுக்கு மோந்த? புள்ள பாத்திருக்குது. எங்க மூஞ்சியப் பாத்துச் சொல்லு."

அத்தை என்னைப் பார்த்தாள். பிறகு டிரைவரை. அப்போதுதான் நாங்கள் எதைச் சந்தேகப்பட்டு வந்திருக்கிறோம் என்று அவளுக்கு விளங்கியது. உடனே மறுத்திருக்கலாம். அவள் மறுக்கவில்லை. தட்டைப் பிடித்தபடி யோசித்துக்கொண்டு நின்றாள். அந்த யோசனை எவ்வளவு நேரம் நீடித்ததென்றால், அம்மா அழவே ஆரம்பித்துவிட்டாள். கேக்கை ஒத்துக்கொள்வதைவிட அந்தப் பழியையே ஏற்றுக்கொண்டுவிடலாமா என்று அவள் நிஜமாகவே நினைத்திருக்கிறாள். பல வருடம் கழித்து அவளே இதை என்னிடம் சொன்னாள்.

கடைசியில், தரையைப் பார்த்துக்கொண்டு, "அது நான் போட்ட கேக்குங்கண்ணா," என்றாள். "இவரு பாதிய வெச்சுட்டுப் போயிட்டாரு. ஏன்னு தெரிஞ்சுக்கோணும்னு எடுத்துப் பாத்தேன்."

"எங்ககிட்டக் கேக்கறதுக்கென்ன? நாங்க தின்னு பாத்துச் சொல்ல மாட்டமா?" என்றாள் அம்மா, கண்ணைத் துடைத்துக்கொண்டே.

"உங்ககிட்டக் கேட்டா, நல்லாருக்குதுன்னாலும் எனக்கு நம்பிக்கை வராதுங்க அண்ணி. நல்லால்லைன்னா அத வருசம் பூராச் சொல்லிச் சிரிப்பீங்க. இவங்கெல்லாம் யாருன்னே தெரியாது. மிச்சம் வெச்சா வெச்சதுதான். பொய்யில்லை. கெட்டுப்போனாலும் சேலத்து பேக்கரி பேருதானே கெடும்."

டிரைவர் தொண்டையைச் செருமினார். தன் மேல் இருந்த பழி எது, அது எப்போது விலகியது என்று அவருக்கு முழுதாகப் புரிந்ததா தெரியவில்லை.

"கேட்டீங்கன்னா சொல்லிர்றேனுங்க. போன வாரத்துக் கேக்கு கொஞ்சம் கசந்துச்சு."

அத்தை சட்டென்று நிமிர்ந்தாள். நான் பயந்துபோனேன். அத்தனை பேர் நடுவில், முகத்துக்கு நேராக, நல்லா இல்லை என்று சொல்லிவிட்டார். இனி அவள் தட்டைப் போட்டுவிட்டு ஓடிவிடுவாள் என்று நினைத்தேன். அவள் ஓரடி முன்னால் வந்தாள்.

"கசப்பு எப்பங்க தெரிஞ்சுது? வாயில வெச்ச ஒடனேயா, முழுங்கின பொறகா?"

"பொறகுதானுங்க. தொண்டையில நின்னுச்சு."

"இன்னைக்கு?"

அவர் கையில் இருந்ததைக் கடித்து, எங்கள் எல்லோர் பார்வைக்கும் நடுவில் சங்கடத்தோடு மென்றார். "இருக்குது. ஆனா போன வாரத்தளவு இல்லை."

"அப்ப ஆரஞ்சுத் தோலுக்குள்ள இருக்கிற வெள்ளையத்தான் இன்னும் சரியாச் சுரண்டலை," என்றாள் அத்தை. அதை அவரிடம் சொல்லவில்லை, எங்களிடமும் சொல்லவில்லை. அவள் முகத்தில் அழுகை இல்லை. வழி தெரியாமல் நின்றவளுக்கு யாரோ பஸ் நிற்கும் இடத்தைக் காட்டியது போல இருந்தாள்.

அந்த நேரம் பார்த்து ஒரு குடும்பம் வேனிலிருந்து இறங்கி வந்தது. அந்த அம்மாள் கண்ணாடிப் பெட்டியைக் காட்டி, "இது எந்த ஊரு கேக்குங்க?" என்று கேட்டார். கடைக்கார அக்கா பழக்கத்தில், "சேலத்துல பெரிய..." என்று ஆரம்பித்தார்.

"நான் போட்டதுங்க," என்றாள் அத்தை. குரல் உடைந்து பாதிதான் வெளியே வந்தது. மறுபடியும் சொன்னாள். "இங்கயே, நான் போட்டதுங்க. ஆரஞ்சுத் தோலு போட்டது. கொஞ்சூண்டு கசக்கும்."

கேட்ட அம்மாள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. குழந்தைக்கு மூக்கைத் துடைத்துக்கொண்டே, "சரி, நாலு குடுங்க" என்றார். இத்தனை நாள் அத்தையை நடுங்க வைத்த விஷயம் அவ்வளவுதான்.

அந்தக் கிறிஸ்துமஸுக்குள் கசப்பு போய்விட்டது. கண்ணாடிப் பெட்டியில் இருந்து சேலத்து பேக்கரியும் போய்விட்டது. பிறகு நாகலூர் பஸ் நிறுத்தத்துக்கு எதிரில் சின்னதாக ஒரு கடை போட்டாள். எல்லாம் சுகமாக நடந்தது என்று சொல்ல முடியாது. கரண்ட் போய்ப் பாதியில் அமுங்கிய கேக்குகளை வாரக்கணக்கில் நாங்கள்தான் தின்றோம். வெள்ளக்கடைக்காரர்கள் சம்மதம் சொன்னபோது, கடையை விடமாட்டேன் என்று அத்தை முதலிலேயே சொன்னாள். மாப்பிள்ளை பைக்கில் தினமும் கொண்டுவந்து விடுவதாக ஒப்புக்கொண்டார். இன்றைக்கும் அவள் சாப்பிடுகிறவர் வாயைத்தான் பார்க்கிறாள். மறைந்து நின்று பார்ப்பதில்லை.

ஆனால் அந்தச் சனிக்கிழமை நாங்கள் திரும்பி வந்த பஸ்ஸை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். அத்தை வேலை முடித்து வருவதாகச் சொல்லிக் கடையிலேயே இருந்துவிட்டாள். எனக்கு ஒரே சந்தோஷம். ஆள் யாரும் இல்லை, சென்ட் இல்லை, கல்யாணம் நிற்கப் போவதில்லை. அம்மா இதைக் கேட்டு ஊர் முழுக்கச் சிரித்துச் சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். அம்மா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அப்பா மடியில் ஒரு கேக் பொட்டலம் இருந்தது. அவர் அதைப் பிரிக்கவில்லை.

"அத்தை தப்பு ஒண்ணும் பண்ணலைதானுங்களேம்மா?" என்றேன்.

கொஞ்ச தூரம் போனபின் அம்மா அப்பாவிடம் மெதுவாகச் சொன்னாள். "ஒருத்தன் இருந்து, அவன மறைச்சிருந்தாக்கூட எனக்கு இவ்வளவு சங்கடமா இருந்திருக்காதுங்க. அவ பயந்தது ஊருக்கில்லீங்க, நம்ம சிரிப்புக்கு."

அப்பா பொட்டலத்தின் நூலைத் தடவிக்கொண்டிருந்தார். அம்மாவின் கன்னம் நனைந்திருந்தது. கெட்டது எதுவும் நடக்கவில்லை என்று தெரிந்த பிறகு ஒருவர் எதற்காக அழ வேண்டும்? எனக்கு ஒரு காரணமும் தென்படவில்லை. மலைக்காற்று கண்ணில் அடித்திருக்கும் என்று நினைத்து, எழுந்து எட்டி, ஜன்னல் ஷட்டரை இறக்கிவிட்டேன்.